சம்பளத்தோடு ஒரு பட்டம்: விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி ஆர்க்கிடெக்ட்களுக்கு ஒரு திறந்த மடல்



ஆண்டுதோறும் உங்கள் ஆபீஸ்களுக்கு பி.ஆர்க் மாணவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். ஐந்தாண்டுப் படிப்பில் ஒரு செமஸ்டர் ஆபீஸில் கழிய வேண்டும் என்பது விதி. அந்தச் சில மாதங்களில் கதவு, ஜன்னல் அட்டவணை போடுகிறார்கள். நீங்கள் கையால் கிறுக்கிக் கொடுத்ததை ஆட்டோகேடில் ஏற்றுகிறார்கள். அப்ரூவலுக்குப் போகும் பிளானில் அளவு சரிபார்க்கிறார்கள். நேரம் கிடைத்தால் சைட்டுக்கும் போய் வருகிறார்கள். பலருக்குச் சம்பளம் இல்லை. சிலருக்கு பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்குமே காணாத ஒரு தொகை. அப்புறம் அதே பிள்ளைகள் பட்டம் வாங்கி வேலை கேட்டு வரும்போது, காலேஜில் ஒன்றும் சொல்லித் தருவதில்லை, எல்லாம் இங்கே வந்துதான் கற்றுக்கொள்கிறார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். அது உண்மையென்றால் அதிலிருந்து வரும் முடிவையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் வாதம். கற்றுத் தருவது ஆபீஸ் என்றால் அங்கே கழியும் காலம் படிப்பாகக் கணக்கில் வர வேண்டும். அங்கே நடப்பது வேலை என்றால் அதற்குச் சம்பளம் வேண்டும். இரண்டையும் சேர்த்தால் கிடைப்பது தொழிற்பயிற்சியோடு இணைந்த பட்டப்படிப்பு: வாரத்தில் நான்கு நாள் வேலை, ஒன்றிரண்டு நாள் வகுப்பு, மாதம் பிறந்தால் சம்பளம், முடிவில் மற்றவர்களுக்குக் கிடைக்கிற அதே பி.ஆர்க். இந்த வழியைக் கேட்டுப் பெற வேண்டிய பொறுப்பு மாணவர்களைவிட உங்களுக்கே அதிகம்.

இன்றைக்கு இந்தப் படிப்புக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள். பிளஸ் டூவில் கணக்கு எடுத்திருக்க வேண்டும், நாட்டா நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அந்தத் தேர்வுக்குத் தனிப் பயிற்சி வகுப்புகள் நகரங்களில் இருக்கின்றன. கஞ்சனூர், வல்லம் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அப்படியொரு தேர்வு இருப்பதையே சொல்ல ஆள் வேண்டும். சேர்ந்த பிறகு லேப்டாப், பிரின்ட் எடுக்கும் செலவு, மாடல் செய்ய அட்டையும் பலகையும், ஹாஸ்டல். இன்ஜினீயரிங் நான்கு வருஷத்தில் முடிந்துவிடும், இது ஐந்து. ஐந்து வருஷமும் வருமானம் இல்லாமல் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கக் கூடிய வீடுகளிலிருந்துதான் ஆர்க்கிடெக்ட்கள் வருகிறார்கள். இதே வட்டாரத்தில் மறுபக்கமும் ஒன்று உண்டு. திருவக்கரைப் பக்கம் ஜல்லி உடைக்கும் குவாரிகள், செங்கல் சூளைகள், சென்ட்ரிங் செட்டுகள், கொத்தனார்கள், கம்பி கட்டுகிறவர்கள் என்று கட்டட வேலையை நம்பியே பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளை சிவில் டிப்ளமா முடித்து உங்கள் ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்கிறது. பத்துப் பதினைந்து வருஷத்தில் மனையைப் பார்த்ததும் எங்கே படிக்கட்டு, எங்கே கிணறு என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிடுகிறது. பாதி பிளான் அந்தக் கையில்தான் உருவாகிறது. கையெழுத்து மட்டும் இன்னொருவருடையது. அந்த ஆள் ஐம்பது வயதிலும் டிராஃப்ட்ஸ்மேன்தான். திறமை இல்லாததால் அல்ல, ஏறுவதற்குப் படி இல்லாததால்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். இருந்தாலும் ஒருமுறை நினைவுபடுத்துகிறேன். 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்கள் சட்டத்தின் 25ஆம் பிரிவு, பதிவேட்டில் பெயர் ஏற மூன்று வாசல் வைத்திருக்கிறது. ஒன்று, அங்கீகரிக்கப்பட்ட பட்டம். இரண்டு, சட்டம் நடைமுறைக்கு வந்த காலத்தில் ஏற்கெனவே ஐந்தாண்டுக்குக் குறையாமல் தொழில் செய்துகொண்டிருந்தவர்களுக்கானது. அந்த வாசல் அந்தத் தலைமுறையோடு மூடிவிட்டது. மூன்றாவது, விதிகளின்படி வகுக்கப்படும் வேறு தகுதிகள். அதாவது, பட்டம் தவிர வேறு வழியே கூடாது என்று பாராளுமன்றம் நினைக்கவில்லை. வேலையில் கற்றவர்களை ஒருமுறை உள்ளே விட்டது. இனியும் விட இடம் வைத்தது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் 37ஆம் பிரிவுக்குப் பொருள் சொன்னது: பதிவு இல்லாதவர் ஆர்க்கிடெக்ட் என்ற பட்டப்பெயரைப் போட்டுக்கொள்ளத்தான் தடை, கட்டடத்தை வடிவமைக்கும் வேலையைச் செய்யத் தடை இல்லை. ஆக, நாடு முழுக்க வேலை திறந்து கிடக்கிறது, பெயர் மட்டும் பூட்டப்பட்டிருக்கிறது. மேஸ்திரியும் சிவில் இன்ஜினீயரும் வீடு கட்டிக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களில் தேர்ந்தவர்களை முறையாகப் படிக்க வைத்துப் பெயருக்குள் கொண்டுவருவதால் தரம் கெட்டுவிடும் என்று சொல்வதற்கு முன், வெளியே நிற்கும்போது அவர்கள் கட்டுவது எந்தத் தரக் கட்டுப்பாட்டில் நடக்கிறது என்று யோசிக்க வேண்டும்.

பட்டத்தை இவ்வளவு வலியுறுத்துவதற்கான காரணம் உங்களுக்கு மிக அருகிலேயே இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து செஞ்சிப் பக்கம் போகும் வழியில் மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் என்ற அரசன் செய்வித்தது என்று அங்கே கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறது. முகப்பில் இரண்டு முழுத்தூண்கள், பக்கத்துக்கு ஓர் அரைத்தூண். கீழே சதுரம், மேலே சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. இரண்டு ஓரத்திலும் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் வாயிற்காவலர்கள். மேலே போதிகை கனமாக, அலங்காரமில்லாமல் இருக்கிறது. பிறகு தளவானூருக்குப் போய்ப் பாருங்கள். அதே அரசன் காலத்து வேலைதான். ஆனால் அங்கே மேலே கூடு எனும் அலங்கார வளைவுகள் வந்துவிட்டன, தூண்களுக்கு இடையே மகரதோரணம் வளைந்து நிற்கிறது. கை பழகிவிட்டது தெரிகிறது. ஏறக்குறைய நூறாண்டு கழித்துப் பனமலையில் இராஜசிம்மன் காலத்தில் குடைவதை விட்டு, கல்லை அடுக்கிக் கட்டி விமானமே எழுப்பிவிட்டார்கள். மூன்று ஊரும் ஒரே நாளில் பார்த்து வரக்கூடியவை. கற்றல் எப்படி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது என்பதற்கு இதைவிட அருகில் சான்று கிடையாது. பாதியில் நின்றுபோன மாமல்லபுரத்து வேலைகளைக் கவனித்தால் முறையும் ஓரளவு புரியும். பாறையின் முகத்தைக் கட்டம் கட்டமாக வகுத்து, கட்டத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, நடுவில் நிற்கும் கல்லைத் தட்டி எடுத்திருக்கிறார்கள். மேலிருந்து கீழாக முடித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட வேலையில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு ஓர் இடம், தேர்ந்தவனுக்கு ஓர் இடம் தானாகவே அமைந்துவிடும் என்பது என் அனுமானம்.

ஆனால் மண்டகப்பட்டுக் கல்வெட்டைக் காட்டி, நம் முன்னோர் பட்டமா படித்தார்கள் என்று மார்தட்டுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அந்தக் கல்வெட்டில் என்னென்ன பொருள் பயன்படுத்தவில்லை என்பது இருக்கிறது, யார் செய்வித்தார் என்பது இருக்கிறது. செய்தவன் பெயர் இல்லை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரியில் ஒரு பாறையில் கேவாத பெருந்தச்சன் முதலான சிலரின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அது அபூர்வம், அதனால்தான் ஆய்வாளர்கள் அதை விடாமல் எடுத்துச் சொல்கிறார்கள். சான்றிதழ் இல்லாத பயிற்சி அன்றைக்கும் இப்படித்தான் முடிந்தது, இன்றைக்கு உங்கள் டிராஃப்ட்ஸ்மேனுக்கும் இப்படித்தான் முடிகிறது. வேலையில் கற்பது மட்டும் போதும் என்றால் இன்றிருக்கும் ஏற்பாட்டில் குறையே இல்லை. கற்றவனுக்குப் பெயரும் கையெழுத்தும் வேண்டும் என்பதால்தான் பட்டம் வேண்டும்.

சைட் என்ன கற்றுத் தருகிறது, வகுப்பு என்ன கற்றுத் தருகிறது என்பதைப் பொதுவாகப் பேசினால் பட்டிமன்றமாகிவிடும். ஒரே ஒரு சன்ஷேடை எடுத்துக்கொள்வோம். ஜன்னலுக்கு மேல் இரண்டடி நீட்டிக்கொண்டு நிற்கிற பலகை அது. ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் என்பதால் பாரத்தில் அதன் மேல்பக்கம் இழுபடும். அதனால் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். இதை மாணவர் ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தில் படித்துவிடுகிறார், டிராயிங்கிலும் சரியாகவே போடுகிறார். கான்கிரீட் போடுகிற அன்று பாண்டு சட்டி தூக்கி வருகிறவர்கள் அந்தக் கம்பி மேல்தான் கால் வைத்து நடப்பார்கள். நடக்க வேறு இடம் இருக்காது. கம்பி மிதிபட்டுக் கீழே அழுந்திவிடும். கான்கிரீட் மூடிய பிறகு யாருக்கும் தெரியாது. நாலைந்து மழைக்காலம் போனதும் சுவரோடு சேர்கிற இடத்தில் மேலே ஒரு கீறல் விடும், தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும், ஒருநாள் சன்ஷேடே இற்று விழும். அதைத் தடுப்பது கம்பியைத் தாங்க வளைத்து வைக்கும் சேர், நடப்பதற்குப் போடும் ஒரு பலகை, அந்த அரை மணி நேரம் அங்கே நின்று பார்க்கும் ஓர் ஆள். இதைச் சைட்டில் ஒருமுறை நின்றவர் மறக்க மாட்டார். அதே சமயம், இருபது வருஷம் கம்பி கட்டியவரிடம் கேட்டால், மேலே வைக்கச் சொன்னார்கள், வைக்கிறோம் என்பார். ஏன் என்று தெரியாததால் பலகையின் நீளம் இரண்டடியிலிருந்து நாலடியானால் என்ன மாறும் என்றும் அவருக்குத் தெரியாது. காரணம் வகுப்பில் இருக்கிறது, விளைவு சைட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மூன்று வருஷ இடைவெளி விட்டால் ஒன்று மற்றதோடு ஒட்டுவதில்லை. திங்கட்கிழமை படித்ததைப் புதன்கிழமை பார்த்தால் ஒட்டும். இணைந்த படிப்பு வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான காரணம் இதுதான்.

வெளிநாட்டு உதாரணம் கேட்பீர்கள். இங்கிலாந்தில் 2018இல் இது வந்தது. ஃபாஸ்டர் அண்ட் பார்ட்னர்ஸ் போன்ற பெரிய ஆபீஸ்கள் முன்னின்று பாடத்திட்டத்தை வகுத்தன, பல்கலைக்கழகங்கள் சேர்ந்தன. உதவியாளர் நிலைக்கு ஒரு பட்டம், முழு ஆர்க்கிடெக்ட் தகுதிக்கு அதற்கு மேல் ஒரு பட்டம். தொடக்கத்தில் வேலை நேரத்தில் 20 சதவீதம், அதாவது வாரத்தில் ஒரு நாள், படிப்புக்கு ஒதுக்கப்பட்டது. கட்டணத்தை மாணவர் கட்டுவதில்லை. பெரிய நிறுவனங்கள் தங்கள் சம்பளப் பட்டியலில் 0.5 சதவீதம் பயிற்சி வரியாகக் கட்டுகின்றன, சிறிய ஆபீஸ்களுக்கு அரசே பெரும்பகுதியைக் கொடுக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் ஒரு பாடமும் இருக்கிறது. அந்த இரண்டாவது பட்டம் அடங்கிய மேல்நிலைப் பயிற்சிக்கு அரசு தரும் பணம் 2026 ஜனவரி முதல் பெரும்பாலும் 21 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டுவிட்டது. முதல் பட்டத்தை முடித்து அந்த நிலைக்கு வரும்போது அநேகமாக எல்லோருக்கும் அந்த வயது தாண்டிவிடும். ஒரே உத்தரவில் வழி பாதி அடைபட்டது. நாம் ஒன்றை வகுக்கும்போது முழுக்க அரசுப் பணத்தின் மேல் நிறுத்தக் கூடாது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நமக்குப் பக்கத்திலும் உதாரணம் உண்டு. கொழும்பில் இலங்கை ஆர்க்கிடெக்ட்கள் நிறுவனம் தொடங்கிய சிட்டி ஸ்கூல், ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் முறையில் ஆர்க்கிடெக்ட்களை உருவாக்கி வந்திருக்கிறது. பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியிலும் கட்டடக்கலை வகுப்பு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைவாளர்களுக்கான வகுப்பாகத்தான் ஆரம்பித்தது. இது ஒன்றும் நேற்று முளைத்த யோசனை அல்ல.

இந்தியச் சட்டத்திலேயே இதற்குரிய துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. 1961ஆம் ஆண்டு தொழிற்பயிற்சியாளர் சட்டம் 1973 திருத்தத்தில் பட்டதாரிகளையும் டிப்ளமா முடித்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. 2019இல் மாற்றிய விதிகள், பட்டம் படித்துக்கொண்டே பயிற்சி பெறுகிறவர் என்ற வகையையும் ஏற்றன. பட்டதாரி நிலைப் பயிற்சியாளருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று வைத்தன. தேசியத் திட்டத்தில் அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. தென்மண்டலத்துக்கு அதை நடத்தும் வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. பயிற்சியோடு இணைந்த பட்டப்படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் வழிகாட்டுதலும் வெளியிட்டது. இல்லாதது ஒன்றுதான்: ஆர்க்கிடெக்சருக்கு அதை ஏற்கிறோம் என்று கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் சொல்லும் ஒரு வரி.

எதிர்ப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, இது மலிவான ஆள் பிடிக்கும் வேலையாகிவிடும் என்பது. நியாயமான பயம். வருஷக்கணக்கில் ஒருவரை டாய்லெட் டீட்டெயிலே போட வைத்து, கடைசியில் பயிற்சி முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுவிடலாம். பெரிய பெயர்களும் இதில் விலக்கு அல்ல. ஃப்ராங்க் லாயிட் ரைட் 1932இல் தொடங்கிய டாலியஸின் பயிற்சிக் குழுவில் சேர்ந்தவர்கள் தாங்களே பணம் கட்டிச் சேர்ந்தார்கள், வரைவதோடு வயல் வேலையும் சமையலும் செய்தார்கள். பாலகிருஷ்ண தோஷி பாரிஸில் லெ கொர்புசியேயிடம் சேர்ந்தபோது முதல் எட்டு மாதம் சம்பளமில்லாமல் உழைத்தார். அவர் பின்னாளில் ப்ரிட்ஸ்கர் பரிசு பெற்றதால் அந்த எட்டு மாதம் தவம் போலச் சொல்லப்படுகிறது. அதே எட்டு மாதத்தைத் தாங்க முடியாமல் திரும்பிப் போனவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இலங்கையின் ஜெஃப்ரி பாவா வக்கீலாக இருந்து, கொழும்பு ஆபீஸ் ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்து, பிறகு லண்டனில் படித்து, 1957இல் 38 வயதில் ஆர்க்கிடெக்ட் ஆனார். சொந்தத்தில் தோட்டமும் பணமும் இருந்த குடும்பம் என்பதால் அவரால் அது முடிந்தது. ஆக, சம்பளமில்லாப் பயிற்சிதான் சுரண்டல். அது இப்போதே இருக்கிறது. அதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தால், என்னென்ன வேலை எத்தனை மாதம் என்று பதிவேடு வைக்கச் சொல்லலாம். பூமி பூஜையிலிருந்து புதுமனை புகுவிழா வரை குறைந்தது ஒரு கட்டடத்தையாவது முழுக்கப் பார்த்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போடலாம். வேலை கொடுக்கிறவரே மதிப்பெண் போடக் கூடாது, வெளியாள் போட வேண்டும் என்று சொல்லலாம். இன்றைக்கு இதில் எதையும் கேட்க மாணவருக்கு வழியில்லை.

இரண்டாவது எதிர்ப்பு தமிழ்நாட்டில்தான் எழும், எழத்தான் வேண்டும். இது குலக்கல்வியின் புது வேஷம் இல்லையா? 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்கட்டும் என்றது. பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார்கள். காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 1954இல் ராஜாஜி விலகினார், காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். அண்மையில் கைவினைஞர்களுக்கான மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு ஏற்க மறுத்து, சாதியோடு முடிச்சுப் போடாத கைவினைத் திட்டம் ஒன்றைத் தனியே கொண்டுவந்ததற்கும் இதே நினைவுதான் காரணம். இந்த நினைவை அசட்டை செய்துவிட்டு நம் ஊரில் தொழிற்பயிற்சி பற்றி ஒரு சொல்லும் பேச முடியாது. ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குலக்கல்வி அப்பன் தொழிலுக்கே பிள்ளையைத் திருப்பி அனுப்பியது, படிப்பைக் குறைத்தது, மேலே போகும் வழியை மூடியது. இங்கே கேட்பது கொத்தனார் மகளை அவர் தகப்பனுக்குக் கிடைக்காத தொழிலுக்குக் கொண்டுபோவது, பட்டத்தைக் குறைக்காமல் கொடுப்பது. மாமல்லபுரத்து அரசு கட்டட, சிற்பக் கலைக் கல்லூரியை நினைத்துப் பாருங்கள். 1957இல் தொடங்கியது. அதுவரை ஸ்தபதிக் குடும்பங்களுக்குள் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போன கலையை, விண்ணப்பம் போட்டு யாரும் சேரக்கூடிய படிப்பாக அது மாற்றியது. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை எழுப்பிய கணபதி ஸ்தபதி அங்கே முதல்வராக இருந்தவர். தொழிற்கல்வி சாதியைக் காப்பாற்றும், உடைக்கவும் செய்யும். எது நடக்கும் என்பது சேர்க்கையை யார் கையில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. (அந்தக் கல்லூரியில் பாரம்பரியக் கட்டடக் கலையில் பட்டம் வாங்கினால், அந்தப் பட்டத்தை வைத்து ஆர்க்கிடெக்டாகப் பதிவு செய்ய முடியாது. கற்கோயிலே கட்டத் தெரிந்தவர் தம்மை ஆர்க்கிடெக்ட் என்று போர்டில் எழுதிக்கொள்ள முடியாத நாடு இது.)

அதனால் என் நிபந்தனை ஒன்று: ஆபீஸ்கள் தாங்களே ஆள் பொறுக்கக் கூடாது. பொறுக்கினால் தெரிந்தவர் பிள்ளை, கிளையன்ட் பிள்ளை, சொந்தக்காரர் பிள்ளை என்றுதான் போகும். இதைச் சொல்வதற்காக நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இன்றைய பி.ஆர்க் கவுன்சலிங் போலவே அரசு வழியாக, 69 சதவீத இடஒதுக்கீட்டோடு சேர்க்கை நடக்க வேண்டும்; பிறகு அந்தப் பட்டியலிலிருந்து ஆபீஸ்களுக்குப் பிரித்து அனுப்ப வேண்டும். தொழிற்பயிற்சியாளர் சட்டமே தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பெண்களைப் பற்றி ஒன்று. சைட்டில் தானாக உருவான ஏணி பெண்களுக்கு இல்லை. சித்தாளாகச் சேரும் ஆண் ஐந்தாறு வருஷத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகிறார். சித்தாளாகச் சேரும் பெண் முப்பது வருஷம் கழித்தும் சித்தாளாகவே இருப்பதுதான் வழக்கம். வேலையிலேயே கற்றுக்கொள்ளட்டும் என்று சும்மா விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பதிவும் பாடத்திட்டமும் உள்ள பயிற்சி இதை மாற்றும். சைட்டில் கழிப்பறை வைப்பதிலிருந்து அது தொடங்க வேண்டும்.

மூன்றாவது, தியரி அடிபடும் என்ற கவலை. வரலாறு, காலநிலை, நகரமைப்பு, சட்டம் இவையெல்லாம் வாரத்தில் இரண்டு நாளில் அடங்குமா? அடங்காது. அதனால் ஐந்தாண்டு ஆறாண்டாக நீளலாம். சம்பளம் வாங்கிக்கொண்டு ஆறு வருஷம் படிப்பது, கடன் வாங்கி ஐந்து வருஷம் படிப்பதைவிட இந்த வட்டாரத்துக் குடும்பத்துக்குச் சுலபம்.

கடைசியாக, உங்களில் பெரும்பாலோர் சொல்லப்போவது: எங்களுடையது சின்ன ஆபீஸ், ஒரு ஆர்க்கிடெக்ட், இரண்டு டிராஃப்ட்ஸ்மேன், எங்கே சம்பளம் கொடுப்பது? இது சாக்கு அல்ல, உண்மை. 2019 விதிப்படி 30 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்கள்தான் கட்டாயம் பயிற்சியாளர் எடுக்க வேண்டும். 4 பேர் வரை இறங்கினால் விருப்பம். அதற்கும் கீழே இருப்பவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. திண்டிவனத்து ஆபீஸ்களில் எத்தனை இந்த வரம்பைத் தாண்டும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் பத்துப் பதினைந்து ஆபீஸ்கள் சேர்ந்து ஒரே அமைப்பாகப் பதிவு செய்துகொண்டு, மாணவரை ஆண்டுக்கு ஓர் ஆபீஸாகச் சுழற்ற வழி வேண்டும். ஒரே ஆபீஸில் கிடைக்காத அனுபவமும் இதில் கிடைக்கும்: ஒரு வருஷம் கல்யாண மண்டபமும் வீடும் கட்டும் இடத்தில், ஒரு வருஷம் கம்பெனிக் கட்டடம் செய்யும் இடத்தில், ஒரு வருஷம் ஆரோவில்லில். ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. அங்கே 1989இல் தொடங்கிய எர்த் இன்ஸ்டிட்யூட், மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து அழுத்திச் செய்யும் கற்களையும், சென்ட்ரிங் பலகை இல்லாமல் வளைவும் குவிமாடமும் எழுப்புவதையும் கற்பித்து வருகிறது. உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆர்க்கிடெக்ட்கள் அதைக் கற்க வருகிறார்கள். பக்கத்து வானூர்ப் பிள்ளைகள் அங்கே பெரும்பாலும் மண் சுமக்கத்தான் போகிறார்கள். இதை மாற்ற வெளியிலிருந்து யாரும் வர மாட்டார்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். இந்திய ஆர்க்கிடெக்ட்கள் நிறுவனத்தின் தமிழ்நாடு கிளையிலும் புதுச்சேரியிலும் நடக்கும் அடுத்த கூட்டத்தில், 25ஆம் பிரிவின் மூன்றாவது வாசலைத் திறக்கும் விதியை மத்திய அரசும், பயிற்சியோடு இணைந்த பி.ஆர்க்கைக் கவுன்சிலும் வகுக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். உங்கள் ஆபீஸில் பத்து வருஷமாக இருக்கும் டிராஃப்ட்ஸ்மேன் ஒருவரைக் கூப்பிட்டு, இந்த வழி இருந்தால் சேர்வாயா என்று கேட்டு, அவர் சொல்வதையும் தீர்மானத்தோடு சேர்த்து அனுப்புங்கள். அது நிறைவேற வருஷங்கள் ஆகலாம். அடுத்த செமஸ்டருக்கு உங்களிடம் வரும் பயிற்சி மாணவருக்கு மாதச் சம்பளம் கொடுக்க மட்டும் எந்த விதியும் திருத்தப்பட வேண்டியதில்லை. அதை இந்த ஆண்டே தொடங்குங்கள்.